மாவுக்கட்டு பிரிச்சு ஒன்பது வாரம் ஆச்சு, அம்மா கை இன்னும் எரியுது, சிஆர்பிஎஸ்னு (காம்ப்ளக்ஸ் ரீஜினல் பெயின் சிண்ட்ரோம், காயம் ஆறியும் வலி அடங்காத நோய்) சொல்றாங்க. யாருக்காவது அனுபவம் இருக்கா?

இரவுவிளக்கு எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு 57 வயசு. வழுக்கி விழுந்ததுல இடது மணிக்கட்டு உடைஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தாங்க. கட்டு இருக்கும்போதே இறுக்குது எரியுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, கட்டுன்னா அப்படித்தான் இருக்கும்னு நாங்கதான் சமாதானம் பண்ணோம். இப்ப எக்ஸ்ரேல எலும்பு நல்லா சேர்ந்திருச்சு. ஆனா வலி மட்டும் உடைஞ்ச அன்னைக்கு இருந்ததை விட அதிகமா இருக்கு.

நான் கண்ணால பார்க்கறதை சொல்றேன். விரல் எல்லாம் உப்பி தோல் பளபளன்னு இருக்கு. காலைல சிவப்பா சூடா இருக்கும், சாயந்திரம் பார்த்தா ஊதா கலந்து ஜில்லுன்னு இருக்கும். அந்த கைல மட்டும் உள்ளங்கை வேர்க்குது, நகம் வேகமா வளருது. ஃபேன் காத்து பட்டாலே துடிச்சுப் போறாங்க, புடவை முந்தானை உரசினா கூட கையை வெடுக்குன்னு இழுத்துக்கறாங்க. ராத்திரி ஈரத்துண்டை சுத்திக்கிட்டு உட்கார்ந்தே இருக்காங்க. போன வாரம் "இது என் கை மாதிரியே இல்லடி"ன்னு சொன்னாங்க, அதைக் கேட்டு எனக்கு வயிறு கலங்கிருச்சு.

மூணாவதா பார்த்த டாக்டர்தான் சிஆர்பிஎஸ்னு சொன்னார். அதுக்கு முன்னாடி ஒரு இடத்துல "எல்லாம் நார்மல், மனசுலதான் பிரச்சனை"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நானே ஒரு நாள் "கொஞ்சம் ஓவரா பண்றீங்கம்மா"ன்னு சொல்லிட்டேன், இப்ப நினைச்சா தாங்க முடியல.

இது என்ன நோய், சரியாகுமா, கையை அசைக்காம வச்சிருக்கறது நல்லதா, அசைக்கணுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கணுக்கால் எழுதியது:

சகோதரி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க அம்மா ஒரு சொல் கூட மிகையா சொல்லல. நான் இதோட ஆறாவது வருஷத்துல இருக்கேன், எனக்கு வலது கால். சாதாரண சுளுக்குல ஆரம்பிச்சுது, என்ன நோய்னு பேர் தெரியறதுக்கே எட்டு மாசம் ஆச்சு.

ஈரத்துண்டுன்னு நீங்க எழுதினதைப் பார்த்ததும் ஒரு விஷயம் ஞாபகம் வந்துச்சு. 1860கள்ல அமெரிக்க உள்நாட்டுப் போர்ல குண்டடி பட்டு நரம்பு சேதமான சிப்பாய்களை வெயிர் மிட்செல்னு ஒரு டாக்டர் பார்த்தார், அவங்களும் எரியுதுன்னு கையை எப்பவும் ஈரத்துணில சுத்தியே வச்சிருந்தாங்கன்னு எழுதி வச்சிருக்கார். எரியற வலிங்கற அர்த்தத்துல காசல்ஜியாங்கற பேரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்ததும் அவர்தான். அப்புறம் ஆர்எஸ்டின்னு (ரிஃப்ளெக்ஸ் சிம்பதெடிக் டிஸ்ட்ரோபி) ஒரு பேர் இருந்துச்சு, பழைய சீட்டுல, புத்தகத்துல அதையும் பார்ப்பீங்க, குழம்பிடாதீங்க, எல்லாம் ஒரே குடும்பம்தான். 1994லதான் சிஆர்பிஎஸ்னு மாத்தினாங்க. நரம்பு அடிபட்டதுன்னு உறுதியா காட்ட முடியலன்னா டைப் 1, காட்ட முடிஞ்சா டைப் 2.

இதுக்குன்னு ஒரே ஒரு ரத்த டெஸ்டோ ஸ்கேனோ கிடையாது, அதனாலதான் "எல்லாம் நார்மல்"னு சொல்லி அனுப்பிடறாங்க. புடாபெஸ்ட் அளவுகோல்னு ஒண்ணு வச்சுதான் முடிவு பண்றாங்க. அடிபட்ட அளவுக்கு மீறின வலி தொடர்ந்து இருக்கணும், அதோட தொட்டாலே வலிக்கறது, நிறமோ சூடோ மாறறது, வீக்கம் இல்லன்னா வியர்வை, அசைவு குறைஞ்சு போறது இல்லன்னா நகம் முடி தோல் மாறறதுன்னு நாலு பிரிவு இருக்கு. அதுல மூணுலயாவது நோயாளி சொல்ற தொந்தரவு இருக்கணும், ரெண்டுலயாவது டாக்டர் கண்ணால பார்க்கணும், வேற நோய் எதுவும் இதை விளக்கக் கூடாது. நீங்க எழுதினதுலயே நாலும் வருது. நிறம் மாறும்போதெல்லாம் ரெண்டு கையையும் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து வைங்க, ஏன்னா டாக்டர் முன்னாடி போய் நிக்கற அந்த பத்து நிமிஷம் கை நல்ல பிள்ளை மாதிரி இருக்கும்.

நான் பண்ண பெரிய தப்பு காலை ஊன்றவே இல்ல. வலிக்குதுன்னா உள்ள ஏதோ இன்னும் கிழியுதுன்னு நினைச்சேன், "ரெஸ்ட் எடு"ன்னு சொன்னதை நாலு மாசம் அப்படியே பிடிச்சுக்கிட்டேன், கால் சதை கரைஞ்சு கணுக்கால் இறுகிப் போச்சு. ராத்திரி போர்வை பாதத்துல படக்கூடாதுன்னு கட்டில் கால்மாட்டுல அட்டைப்பெட்டி கவுத்து அது மேல போர்வையை விரிச்சு தூங்கினவன் நான். ஒரு கட்டத்துல காலை எடுத்துடுங்கன்னே டாக்டர்கிட்ட கெஞ்சினேன். எடுத்தாலும் வலி போகும்னு உறுதி இல்ல, இல்லாத கால்லயும் மேல மிச்சம் இருக்கற இடத்துலயும் திரும்ப வரலாம்னு பொறுமையா உட்கார வச்சு விளக்கினார், அவருக்கு நான் இன்னைக்கும் நன்றியோட இருக்கேன். இப்ப செருப்பு போட்டு நடக்கறேன், வேலைக்குப் போறேன், வலி முழுசா போகல.

உங்க அம்மாவுக்கு சீக்கிரமே கண்டுபிடிச்சிருக்காங்க. முதல் வருஷத்துக்குள்ள நல்லாவே தேறி வர்றவங்க நிறைய பேர், நான் தாமதமா போனவன், என்னை வச்சு பயப்படாதீங்க.

பிசியோ_அக்கா எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், கை நோயாளிகளை அதிகம் பார்க்கறவ. இரவுவிளக்கு, அம்மாவை நேர்ல பார்க்காம அவங்களுக்கான சிகிச்சையை நான் சொல்ல முடியாது, பொதுவா இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன்மா.

காயம் ஆறினதும் அலாரம் நிக்கணும், இவங்களுக்கு நிக்காம அடிச்சுட்டே இருக்குன்னு வச்சுக்கோங்க. நரம்பு முனைகளே வீக்கத்தை உண்டாக்கற ரசாயனத்தை கொட்டுது, அதான் சூடு, சிவப்பு, நீர் கோத்துக்கறது. ரத்தக்குழாயையும் வியர்வையையும் பார்த்துக்கற தானியங்கி நரம்புகள் தாறுமாறா ஓடுது, அதான் நிறம் மாறறது. தண்டுவடமும் மூளையும் ரொம்ப கூர்மையாகி, சாதாரண தொடுதலைக் கூட வலின்னு படிக்குது. அதுக்கும் மேல மூளைக்குள்ள அந்தக் கைக்குன்னு இருக்கற வரைபடம் மங்கிப்போகுது. "என் கை மாதிரி இல்ல"ன்னு அம்மா சொன்னாங்க பாருங்க, அது புத்தி பேதலிச்ச பேச்சு இல்ல, இந்த நோயோட அடையாளமே அது. கண்ணை மூடிக்கிட்டா கை ரெண்டு மடங்கு பெருசா தெரியுதுன்னு சொல்றவங்களும் உண்டு.

அதனால "அசைக்கணுமா வேண்டாமா"ன்னா அசைக்கணும், ஆனா முறுக்கக் கூடாது. வலிக்க வலிக்க பிடிச்சு மடக்கி விடற சிகிச்சை இதுல கெடுதல். ஐஸ் வைக்காதீங்க. ரெண்டு நிமிஷம் அசைச்சு ராத்திரி வலி ஏறிடுச்சுன்னா மறுநாள் ஒரு நிமிஷமா குறைங்க, சுத்தமா நிறுத்தாதீங்க. நல்லா இருக்கற ஒரு நாள்ல எல்லா வேலையையும் இழுத்துப் போட்டு செஞ்சுட்டு அடுத்த மூணு நாள் படுத்துடறது, இதைத்தான் நான் அடிக்கடி பார்க்கறேன்.

கையைத் தொடவே முடியலன்னா மூளைல இருந்து ஆரம்பிப்போம். முதல் கட்டம், விதவிதமா திருப்பி வச்ச கை படங்களைக் காட்டி இது இடதா வலதான்னு சொல்லச் சொல்றது. கேட்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா இந்த நோய் உள்ளவங்களுக்கு வலிக்கற பக்கத்தை அடையாளம் சொல்ல நேரம் அதிகம் ஆகும், பார்த்தா உங்களுக்கே தெரியும். அடுத்தது அசைக்காம, அசைக்கற மாதிரி மனசுல நினைக்கறது. மூணாவதுதான் கண்ணாடி. வலிக்கற கையை கண்ணாடிக்குப் பின்னாடி மறைச்சு வச்சு, நல்ல கையோட பிம்பத்தைப் பார்த்துக்கிட்டே ரெண்டையும் மெதுவா அசைக்கறது. கண்ணாடி உத்தியை 1990கள்ல வி.எஸ்.ராமச்சந்திரன்னு மூளை ஆய்வாளர் ஒருத்தர், கை இழந்தவங்களுக்கு இல்லாத கைல வர்ற மாய வலிக்காக கொண்டு வந்தார், அப்புறம் 2004ல பிசியோதெரபி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி இந்த மூணையும் கட்டத்துக்கு ரெண்டு வாரம்னு வரிசையா சிஆர்பிஎஸ்க்கு செஞ்சு பார்த்து வலி குறையறதைக் காட்டினார். வரிசை முக்கியம், எடுத்த எடுப்புல கண்ணாடி வச்சு வலி கூடினவங்களைப் பார்த்திருக்கேன்.

தொடுதலுக்கு, முதல்ல முழங்கைக்கு மேல வலிக்காத இடத்துல பட்டுத்துணியால தடவி, நாளாக நாளாக கீழ இறங்கி வாங்க, அப்புறம் பஞ்சு, அப்புறம் துண்டு. தடவும்போது அம்மா அந்த இடத்தைப் பார்க்கட்டும், கவனிச்சு வாங்கிக்கற தொடுதல்தான் உதவும்.

ஒரு எச்சரிக்கை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மட்டும் மரத்துப்போகுதுன்னா மணிக்கட்டுல நரம்பு அழுந்தியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. காய்ச்சல், சீழ், சிவப்பு பரவிட்டே போறதுன்னா இன்ஃபெக்ஷனா இருக்கலாம், அன்னைக்கே காட்டுங்க. இதே மாதிரி கால்ல இருந்தா கெண்டைச்சதைல ரத்தக்கட்டு இருக்கான்னும் பார்ப்பாங்க.

இரவுவிளக்கு எழுதியது:

அண்ணா, அக்கா, ரெண்டு பேர் எழுதினதையும் அம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன். போர்வைக்கு அட்டைப்பெட்டி வச்ச இடம் வந்ததும் அழுதுட்டாங்க, "பாரு, இன்னொருத்தருக்கும் இருக்கு"ன்னாங்க.

பிரீகாபலின்னு நரம்பு வலி மாத்திரை கொடுத்திருக்காங்க, பகல் எல்லாம் தூங்கி வழியறாங்க, நிறுத்திடலாமா? அடுத்து கழுத்துல ஊசி போடணும், ஸ்டெல்லேட் பிளாக்னு சொன்னாங்க, கழுத்துன்னதும் எங்களுக்கு பயம். வைட்டமின் சி சாப்பிட்டா போயிடும்னும் ஒருத்தர் சொல்றார்.

நிழல்மரம் எழுதியது:

எனக்கு வலது கை, அந்த ஊசி மூணு தடவை போட்டிருக்கேன், அதனால சொல்றேன்.

மாத்திரையை நீங்களா டக்குன்னு நிறுத்தாதீங்கம்மா, திடீர்னு நிறுத்தினா வேற தொந்தரவு வரும். மயக்கமா இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவைக் குறைச்சோ ராத்திரிக்கு மாத்தியோ தருவாங்க, எனக்கு அப்படித்தான் செஞ்சாங்க. சிலருக்கு அமிட்ரிப்டிலின் ராத்திரி சின்ன அளவுல தருவாங்க, தூக்கமும் வரும். மனச்சோர்வு மாத்திரையைத் தர்றாங்களேன்னு நினைக்காதீங்க, நரம்பு வலிக்கும் அதே மருந்துதான்.

ஊசி பத்தி. கழுத்துல முன்பக்கமா, ஸ்கேன் மெஷின்ல பார்த்துக்கிட்டே ஸ்டெல்லேட்ங்கற நரம்பு முடிச்சுகிட்ட மருந்தை விடுவாங்க. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்க கண் இமை தொங்கும், குரல் கம்மும், பார்த்து பதறிடாதீங்க, சில மணி நேரத்துல சரியாகிடும். முதல் தடவை எனக்கு கை சூடாகி விரல் நுனி வரைக்கும் ரத்தம் ஓடற மாதிரி இருந்துச்சு, அஞ்சு மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சட்டை பட்டனை நானே போட்டேன். ஆனா அது நாலு நாள்தான் நின்னுச்சு. எல்லாருக்கும் கேட்கும்னும் இல்ல, என் கூட போட்ட ஒருத்தருக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. என்னைக் கேட்டா ஊசி ஒரு கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்குது, அந்த நாள்கள்லதான் பிசியோவை விடாம செய்யணும், ஊசி போட்டுட்டு படுத்திருந்தா பிரயோஜனம் இல்ல. ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை அம்மா எடுத்தாங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க.

ஆரம்ப கட்டத்துல கை சூடா வீக்கமா இருந்தா ஸ்டீராய்டு கொஞ்ச நாளைக்கு தர்றதுண்டு, எலும்பு மருந்தான பிஸ்பாஸ்பனேட்டும் சிலருக்கு வலியைக் குறைக்குது. அதுக்கு முன்னாடி கிட்னி, கால்சியம், பல் எல்லாம் பார்ப்பாங்க. எதுவும் கேட்கலன்னா முதுகுத்தண்டுகிட்ட கருவி வச்சு மின்துடிப்பு கொடுக்கற சிகிச்சை இருக்கு, அது ரொம்ப பின்னாடி யோசிக்க வேண்டியது.

வைட்டமின் சி, மணிக்கட்டு உடைஞ்ச உடனே தினம் 500 மில்லிகிராம் 50 நாள் எடுத்தா சிஆர்பிஎஸ் வராம தடுக்கலாம்னு ஆய்வு வந்துச்சு, அப்புறம் 2014ல வந்த ஒரு ஆய்வுல அந்தப் பலன் தெரியல. எப்படியும் அது வராம தடுக்கறதுக்காக பார்த்தது, வந்ததை விரட்ட இல்ல.

ராத்திரி அம்மாவைத் தனியா விடாதீங்க. தூக்கம் இல்லாம மூணு மாசம் எரிஞ்சா மனசு இருண்டுடும், எனக்கு இருண்டுச்சு. "வாழ்ந்து என்ன"ங்கற மாதிரி பேச்சு வந்தா வலி டாக்டர்கிட்டயே வெளிப்படையா சொல்லுங்க, மனநல டாக்டரையும் சேர்த்துப் பாருங்க. வலி பொய்ங்கறதால இல்ல, அவ்வளவு பெரிய வலிங்கறதால.

இரவுவிளக்கு எழுதியது:

பன்னிரண்டு நாள் கழிச்சு எழுதறேன். மாத்திரையை ராத்திரிக்கு மாத்தி அளவைக் குறைச்சாங்க, பகல்ல முழிச்சிருக்காங்க. ஊசிக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்காங்க, இமை தொங்கும்னு அம்மாவுக்கு இப்பவே சொல்லி வச்சுட்டேன்.

மன்னிப்பும் கேட்டுட்டேன். ஒண்ணும் சொல்லல, நல்ல கையால என் தலையைத் தடவினாங்க, அவ்வளவுதான்.

அக்கா, பட்டுத்துணி இப்ப முழங்கை தாண்டி நாலு விரற்கடை இறங்கியிருக்கு. என் கையையே பல விதமா திருப்பி வச்சு போன்ல நாற்பது போட்டோ எடுத்து காலைலயும் சாயந்திரமும் காட்டறேன். வலது கைன்னா பார்த்ததும் சொல்லிடறாங்க, இடது கை வந்தா நின்னுடறாங்க, முகம் கூட மாறுது. முதல் நாள் இருபது இடது கை படத்துல ஒன்பது தப்பு, நேத்து மூணு. உள்ளங்கை மேல பார்த்து விரல் கீழ தொங்கற மாதிரி இருக்கற படங்கள்தான் இன்னும் தப்பாகுது. அதை மட்டும் தனியா எடுத்துக் காட்டலாமா, இல்ல கலந்தே காட்டணுமா?