பெட்டடைன் போட்டால் தையல் சீழ் பிடிக்குமா? ராயபுரம் அண்ணனுக்குப் பதில்

தியேட்டர் நர்ஸ், தண்டையார்பேட்டை:
ஆபரேஷனுக்கு முன் கிருமியைக் கொல்லத் தோலில் பெட்டடைன் (அயோடின் மருந்து) தடவினால் சீழ் நிச்சயம், அதற்குப் பதில் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியைக் கேட்டு வாங்குங்கள் என்று ராயபுரம் அண்ணன் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்களை ஏன் அண்ணே பயமுறுத்துகிறீர்கள்?

மருந்துக்கடை, ராயபுரம்:
நானாகச் சொல்லவில்லை தங்கச்சி. 2010இல் அமெரிக்காவில் 849 பேரை வைத்துச் செய்த ஆய்வு. குளோரெக்சிடின் பக்கம் தொற்று 9.5 சதவீதம், பெட்டடைன் பக்கம் 16.1. உங்கள் சர்வீஸைவிட எனக்கு இந்தக் கணக்குப் பெரிது.

தியேட்டர் நர்ஸ்:
அந்தக் குளோரெக்சிடினில் 70 சதவீதம் ஸ்பிரிட். பெட்டடைனோ வெறும் தண்ணீரில் கரைத்தது. ஜெயித்தது குளோரெக்சிடினா, ஸ்பிரிட்டா? அதைச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை:
2016 சிசேரியன் ஆய்வில் இரண்டு பக்கமும் ஸ்பிரிட்தான். தொற்று குளோரெக்சிடினில் 4.0 சதவீதம், அயோடினில் 7.3. அப்போதும் தோற்றது அயோடின். டெங்குவுக்குப் பப்பாளி இலைச்சாறு போதும் என்று போன வருடம் வாதாடியவர் நீங்கள்!

தியேட்டர் நர்ஸ்:
போதும் என்று நான் எழுதவே இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். 2024இல் சுவிட்சர்லாந்தில் இரண்டிலும் ஸ்பிரிட் கலந்து பார்த்தார்கள். தொற்று பெட்டடைனில் 5.1 சதவீதம், குளோரெக்சிடினில் 5.5. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 5788 பேரிடம் நடந்து 2021இல் வந்த ஆய்விலும் குளோரெக்சிடின் மேல் என்று நிரூபணமாகவில்லை.

மருந்துக்கடை:
அந்த ஏழு நாட்டு ஆய்வில் குளோரெக்சிடினில்தான் ஸ்பிரிட் இருந்தது, பெட்டடைனில் இல்லை. ஜெயிக்க வைப்பது ஸ்பிரிட்தான் என்றால் அங்கே அது ஏன் ஜெயிக்கவில்லை?

காசிமேடு மணி:
அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்த இடத்தில் முதல் நாளே ரேசரால் மழித்தார்கள். சர்க்கரையையும் யாரும் கவனிக்கவில்லை. தையலில் சீழ். அதைப் பற்றி இருவரும் ஒரு வரி எழுதவில்லை.

தியேட்டர் நர்ஸ்:
தம்பி, ரேசர் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்பவள் நான். முடியை எடுத்தே ஆக வேண்டுமென்றால் முடி வெட்டும் மெஷினான கிளிப்பர்தான். ஆனால் அண்ணன் ஸ்பிரிட் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மருந்துக்கடை:
சொல்லியாயிற்று. 4.0, 7.3. உலகச் சுகாதார நிறுவனமும் 2016இல் குளோரெக்சிடினைத்தான் பரிந்துரைத்தது.

தியேட்டர் நர்ஸ்:
ஸ்பிரிட் கலந்த குளோரெக்சிடினை! முழு வரியையும் போடுங்கள். அது காய்வதற்குள் கரண்ட் கத்தியை வைத்தால் தீப்பிடிக்கும், காதுக்குள் போனால் கேட்கும் திறனே போகலாம். கடைப் பலகையில் இதெல்லாம் எழுதியிருக்கிறதா?

மருந்துக்கடை:
என் கடையை இழுக்காதீர்கள். அப்பா காலத்துக் கடை.

காசிமேடு மணி:
போன மழையில் பாரசிட்டமால் இல்லை என்று திருப்பி அனுப்பிய கடைதானே அண்ணே?

மருந்துக்கடை:
அன்று ஸ்டாக் இல்லை மணி. அதை இங்கே எதற்குக் கிளறுகிறாய்?