ஆக்லாந்து ஸ்நாப்பர்: எனக்கு 30 செ.மீ., இழுவைப் படகுக்கு 25 செ.மீ.?

தூண்டில்காரன்:
நியூசிலாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சனிக்கிழமை ஹவுராகி வளைகுடாப் பக்கம் பாறையில் உட்கார்ந்து கணவாய்த் துண்டு போட்டேன். ஒரு ஸ்நாப்பர் மாட்டியது. நம்மூர் சங்கரா போலச் சிவப்பு, முதுகில் நீலப் புள்ளிகள். அளந்தால் வால் பிளவு வரை 29 செ.மீ. குறைந்தது 30 இருக்க வேண்டுமே, மனசே இல்லாமல் கடலில் விட்டேன். மறுநாள் கடையில் ஐஸ் மேல் கிடந்ததில் பாதி அதைவிடச் சின்னது! நாளுக்கு 7 மீன் என்ற கணக்கும் எனக்கு மட்டும்தான். இது என்ன நியாயம்?

மனுகாவ் மாமா:
தம்பி, 2013-ல் இந்தச் சண்டை ஊரையே கலக்கியது. அப்போது நாளுக்கு 9 மீன். அதை 3 ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்ததும் தூண்டில் போடுகிறவர்கள் எல்லாரும் கொதித்துவிட்டார்கள். கடைசியில் 7-ல் நின்றது. அளவு 27-லிருந்து 30 ஆனது. 2014 ஏப்ரல் முதல் அமல். வணிகப் படகுகளின் வருட ஒதுக்கீடான 4500 டன்னை யாரும் தொடவில்லை.

அந்த முடிவில் தூண்டில் போடும் நமக்கான ஒதுக்கீடு 3050 டன்னாகக் கூடியது என்பதையும் பார். ஒதுக்கீடு ஏறியும் ஒரு ஆள் நாளுக்குப் பிடிக்கும் எண்ணிக்கை சுருங்கியது. ஏற்கெனவே அதைத் தாண்டிப் பிடித்துக்கொண்டிருந்தோம்! படகு கொண்டுவருவதைக் கரையில் எடைபோட்டுக் கணக்கில் ஏற்றுகிறார்கள். உன் பையை யார் எடைபோடுவது? எண்ணிக்கையும் அளவுகோலும்தான் வழி.

ஐஸ்பெட்டி:
வணிகப் படகுக்கு 25 செ.மீ. போதும் என்பதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். இழுவலையில் நசுங்கி மேலே வரும் மீனைத் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. 30 என்று வைத்தால் நடுவில் உள்ளது எல்லாம் செத்துக் கடலுக்குத்தான் போகும். உதட்டில் முள் மாட்டிய உன் மீன் நீந்திப் போய்விடும்.

தூண்டில்காரன்:
அப்படியென்றால் வலைக்கண்ணைப் பெரிதாக்கலாமே அண்ணா? சின்னது முதலிலேயே நழுவிவிடும்.

மனுகாவ் மாமா:
அதைத்தான் நானும் கேட்கிறேன். சரி, அதுவரை மேற்கே மனுகாவ் பக்கம் வா. அது வேறு மண்டலம், 27 செ.மீ., 10 மீன். உன் 29 அங்கே குழம்புக்கு ஆகியிருக்கும். கிளம்பும் முன் அன்றைய விதியை ஒருதரம் பார்த்துக்கொள். வற்றம் வந்தால் முழங்கால் வரை சேறு, பழைய செருப்பு போட்டு வா.