எம்.ஏ. ஆய்வேடு: 23% சிமிலாரிட்டி, என்ன பண்றது?

கயல்: எம்.ஏ. சமூகவியல் கடைசி செமஸ்டர். ஆய்வேட்டு டிராஃப்ட்ட செக் பண்ணா 23% சிமிலாரிட்டி, அதாவது ஏற்கனவே வந்த எழுத்தோட ஒத்துப்போற அளவு, காட்டுது, சப்மிட் பண்ணா நிராகரிச்சிடுவாங்களா?

செல்வம்: பயப்படாதம்மா. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி 10% வரை தண்டனை இல்ல, அதுக்கு மேல 40% வரைன்னா திருத்தி அதிகபட்சம் 6 மாசத்துக்குள்ள திரும்ப குடுக்கச் சொல்வாங்க, 60% தாண்டினாதான் பதிவே ரத்து. மொதல்ல துணைநூல் பட்டியல், நன்றியுரை, முறையா பேர் சொல்லி எடுத்த மேற்கோள் எல்லாம் கழிச்சுப் பாரு, அதெல்லாம் கணக்குல வராது.

நிலா: அண்ணா சொல்றது சரி. ஆனா தயவுசெஞ்சு வார்த்தைய மட்டும் மாத்தி சதவீதத்தக் குறைக்காதீங்க, படிக்கிறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும். முந்தைய ஆய்வுகள் அத்தியாயத்துலதான் பாதி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கட்டுரையையும் மூடி வச்சிட்டு சொந்தமா எழுதுங்க, அது உங்க களப்பணியோட எங்க ஒத்துப்போகுது, எங்க முட்டுதுன்னு சேருங்க. வைவால (வாய்மொழித் தேர்வுல) கேக்குறதும் அதத்தான்.

கயல்: ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, கழிச்சதுக்கப்புறம் 14%. மீதி ரெண்டாவது அத்தியாயத்துலதான் இருக்கு, இன்னைக்கே உக்காருறேன்.