புதுப்பிப்பு: எட்டே மாதத்தில் செத்துப்போன தண்ணீர் மீட்டர் பேட்டரி

காட்பாடியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் மீட்டர்களில் மாட்டிய லோரா கருவிகளில் (மீட்டர் அளவைக் குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ கருவிகள்), தரைத்தள இரண்டு மட்டும் எட்டு மாதத்தில் நின்றுவிட்டன, பத்து வருடம் வரும் என்றார்களே என்று முன்பு புலம்பியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

வெயிலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். வேலூரில் வேறு எதைச் சந்தேகப்படுவது? ஆனால் மொட்டைமாடியில் வெந்துகொண்டிருக்கும் கருவிகள் நன்றாகவே ஓடுகின்றன. கோளாறு தரைத்தள மீட்டர்கள் இருக்கும் குழியின் இரும்பு மூடியில். அது சிக்னலை அமுக்கிவிட, கருவி தானாகவே மிக மெதுவான வேகத்துக்கு, அதாவது எஸ்எஃப்12க்கு, இறங்கியிருக்கிறது. எஸ்எஃப் எண் கூடக்கூட வேகம் குறையும்: எஸ்எஃப்7இல் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத ஒரு சின்னச் செய்தி, எஸ்எஃப்12இல் ஒரு நொடிக்கு மேல் இழுக்கும். அத்தனை நேரமும் பேட்டரி கரையும். போதாததற்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி வைத்திருந்தார்கள். மாதக் கணக்குப் பார்க்க அது எதற்கு?

இரும்பு மூடிக்குப் பதில் ஃபைபர் மூடி போட்டோம், அனுப்புவதை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாக்கினோம். இப்போது இரண்டும் எஸ்எஃப்8இல் பேசுகின்றன.

அப்புறம், பேட்டரி மாற்றுகிறவர்கள் கவனிக்கவும்: இது 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு வகை. கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பென்சில் செல் அளவில் ஒன்றுபோல இருந்தாலும் இதற்கு ஆகாது. எங்கள் பிளம்பர் அண்ணன் அதைத்தான் போட்டுப் பார்த்தார்.