கல்குடாவா, காயங்கேணியா?

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

பசறை அண்ணன்: ஆகஸ்ட் லீவுக்குக் கடல் என்று முடிவுதானே? வேன்காரரிடம் இந்தக் கிழமையே சொல்லி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று சொல்லுங்க.

வெலிமடை அக்கா: மிரிஸ்ஸ போகலாமே. ஃபோட்டோவில் எவ்வளவு அழகாக இருக்கிறது.

கல்லடி சித்தி: ஆகஸ்டில் அந்தப் பக்கம் வேண்டாம் மகள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், காலி, மாத்தறைக் கடலெல்லாம் முரடாக இருக்கும். ஹட்டன் பக்கம் மழை கொண்டு வருகிற அதே காற்றுதான். இந்த மாதங்களில் கிழக்குக் கடல்தான் அமைதி. மார்கழியில் கேட்டீர்கள் என்றால் நானே மிரிஸ்ஸ போங்க என்பேன், அப்போது எங்கள் மட்டக்களப்புக் கடல் கொந்தளிக்கும்.

ஹட்டன் மாமா: அப்படியென்றால் அறுகம்பை? வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் போய்விடலாம்.

பசறை அண்ணன்: மாமா, ஆகஸ்டில் அங்கே சர்ஃபிங் சீசன். ரூம் கிடைப்பதே பெரும்பாடு.

நான்: ஒன்று சொல்லட்டுமா? போன தடவை பாசிக்குடாவில் அம்மாவும் அத்தையும் தண்ணீரில் இறங்கவே இல்லை. கரையில் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேலையோடு நனைந்து, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நடந்து வர அவர்களுக்குக் கூச்சம். இந்த முறை அவர்கள் இரண்டு பேரும் கடலில் குளிக்க வேண்டும். அதனால்தான் ஆட்கள் அதிகம் போகாத கரை ஒன்று தேடலாம் என்கிறேன்.

அம்மா: எனக்கு என்ன குளியல். நீங்கள் குளித்தால் போதும்.

வெலிமடை அக்கா: பார்த்தீங்களா, இதைத்தான் போன தடவையும் சொன்னார்கள் 😔 தங்கச்சி சொல்வது சரி. அம்மா இறங்காவிட்டால் நானும் இறங்க மாட்டேன்.

பசறை அண்ணன்: கூகுள் மேப்பில் செய்மதிப் படம் பார்த்தேன். வாழைச்சேனை தாண்டி வாகரைப் பக்கம் போகும் வீதியில், கடலுக்குப் போகிற மண் ஒழுங்கைகள் நிறைய இருக்கின்றன. கரை முழுக்க ஒரு ஹோட்டல் கூரைகூட இல்லை. காயங்கேணி என்று ஓர் இடம். அங்கேயே போய் இறங்கலாமே?

கல்லடி சித்தி: காயங்கேணி அருமையான இடம். முருகைக்கல் (பவளப்பாறை) இருப்பதால் 2019இல் கடல்சார் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் மேலே இருந்து எடுத்த படத்தில் தண்ணீரின் நிறம்தான் தெரியும், அதன் இழுவை தெரியாது மகன். ஆள் இல்லாத கரை என்றால் உயிர்காப்பாளரும் இல்லை. கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. எங்கே வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், எங்கே வேண்டுமானாலும் இறங்க முடியாது.

ஹட்டன் மாமா: பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது தங்கச்சி?

கல்லடி சித்தி: வள்ளம் ஏற்றி வைத்திருக்கிற கரையாகப் பாருங்க அண்ணே. வாடியில் (மீனவர் குடிசையில்) யாராவது வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள். அவர்களிடம், பிள்ளைகள் குளிக்கலாமா, எது வரைக்கும் போகலாம் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அலை எல்லா இடத்திலும் உடைந்து, ஓரிடத்தில் மட்டும் உடையாமல் கறுப்பாக, அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகும். யாராவது மாட்டினால் கரையைப் பார்த்து நீந்திக் களைக்கக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையை விட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்க.

வெலிமடை அக்கா: சின்னவனுக்கு டயர் டியூப் வாங்கி வைத்திருக்கிறேன். அது இருந்தால் பயமில்லைதானே?

கல்லடி சித்தி: அதை மட்டும் கேட்கவே கேட்காதே. இப்போது இங்கே கச்சான் காற்றுக் காலம். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடல் தட்டையாகக் கிடப்பதும் அதனால்தான். டியூபில் உட்கார்ந்த பிள்ளையை அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். டியூபை வெலிமடையிலேயே விட்டுவிட்டு வா.

வெலிமடை அக்கா: ஐயோ, சரி சித்தி. எடுத்து வரவில்லை.

நான்: அப்போ அம்மா குளிக்க எங்கே சித்தி?

கல்லடி சித்தி: பாசிக்குடாதான்.

நான்: ???

கல்லடி சித்தி: முழுவதும் கேள். வாய்ஸ் போடப் பார்த்தேன், இங்கே சிக்னல் சரியில்லை, எழுதுகிறேன்.

பாசிக்குடா மாதிரி ஆழமில்லாத கடல் இந்தப் பக்கம் வேறில்லை. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். நீந்தத் தெரியாத உன் அம்மாவுக்கும் அத்தைக்கும் அதுதான் நல்லது. கூட்டம் வருவது சனி ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில், அதுவும் பத்து மணிக்குப் பிறகு. நீங்கள் செவ்வாயோ புதனோ பாருங்க. காலை ஆறு மணிக்கு, பஸ் நிறுத்துகிற இடத்தில் இறங்காமல், கரையோடு ஓரத்துக்கு நடந்து போங்க. சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும், கரையில் நம் ஆட்கள் மட்டும்தான் இருப்போம். ஒதுக்குப்புறம் என்பது இடத்தில் மட்டும் இல்லை மகள், நேரத்திலும் இருக்கிறது. நானும் கூட வருகிறேன். உன் அம்மா கையைப் பிடித்து நானே இறக்குகிறேன்.

அம்மா: நீ வந்தால் பார்க்கலாம்.

வெலிமடை அக்கா: அம்மா சம்மதித்துவிட்டார்கள்!! ❤️❤️

அத்தை: அக்கா இறங்கினால் நானும் இறங்குவேன். சல்வார் போட்டுக்கொண்டு வருகிறேன், சேலை வேண்டாம்.

ஹட்டன் மாமா: தங்குவது?

கல்லடி சித்தி: முதல் இரவு எங்கள் வீடு. அடுத்த இரவு கல்குடா. பாசிக்குடாவுக்குப் பக்கத்துக் குடாதான், ஆனால் பெரிய ஹோட்டல் வரிசையெல்லாம் அங்கே இல்லை. வீட்டோடு சேர்ந்த ரூம்கள் பார்த்து வைக்கிறேன். கல்குடாவில் நடக்கலாம், கால் நனைக்கலாம், குளியல் வேண்டாம், அது திறந்த கடல்.

நான்: காயங்கேணி போவோமா இல்லையா?

கல்லடி சித்தி: கட்டாயம் போவோம். குளிக்க இல்லை, கரைவலை இழுப்பதைப் பார்க்க. வாகரைப் பக்கம் எந்தக் கரையில் அன்று வலை போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வைக்கிறேன். உங்களுக்கு எதைக் காட்டாவிட்டாலும் அதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை ஆட்கள். குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு, ஓடி வந்து தண்ணீர் ஓரத்தில் மறுபடி பிடிப்பார். வயதான ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். இரண்டு வரிசையும் மெல்ல மெல்லக் கிட்ட வரும். வலையின் மடி கரை தொடும்போது நெத்தலியும் சூடையும் கொட்டிய சில்லறை மாதிரித் துள்ளும். வலையை மிதிக்காதீங்க, கயிற்றைத் தாண்டாதீங்க. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கயிறு பிடிக்கக் கொடுத்தால் கொடுக்கட்டும்.

பசறை அண்ணன்: நான் இழுப்பேன் 💪

கல்லடி சித்தி: அங்கே கடையும் இல்லை, டாய்லெட்டும் இல்லை. தண்ணீர் நிறைய வேண்டும். கொண்டு போகிற பொலித்தீனெல்லாம் நம் வேனிலேயே திரும்பி வர வேண்டும். ஊர் ஆட்கள் குடும்பமாக இருக்கிற கரை, அதற்கேற்ற உடுப்போடு போவோம். முருகைக்கல் துண்டு ஒன்றுகூட யாரும் பொறுக்கக் கூடாது.

ஹட்டன் மாமா: அம்மாயியைக் கூட்டி வருவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்.

கல்லடி சித்தி: அந்த மார்கழியில் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் அவர் பட்ட பாடு அது அண்ணே. வற்புறுத்த வேண்டாம். எங்கள் வீட்டு வரைக்கும் வரட்டும், வாவிக் கரையில் உட்காரலாம். கடலுக்கு வருவதும் வராததும் அவர் விருப்பம்.

ஹட்டன் மாமா: சரி, அப்படியே சொல்கிறேன்.

பசறை அண்ணன்: பாதை இதுதானே? நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா, செங்கலடி. ஏ5 வீதியை விடவே தேவையில்லை.

கல்லடி சித்தி: அதேதான். செங்கலடியில் வலப்பக்கம் திரும்பினால் மட்டக்களப்பு, இடப்பக்கம் வாழைச்சேனை. மகா ஓயாவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அம்மாயி காலுக்கு இதமாக இருக்கும், அங்கே கொஞ்சம் நிறுத்துங்க. ஆனால் இருட்டுவதற்கு முன்னால் செங்கலடி வந்துவிட வேண்டும், அந்தக் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம்.

பசறை அண்ணன்: அப்போ ஹட்டனிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு வேன். வெலிமடையில் அக்காவை ஏற்றிக்கொண்டு பசறைக்கு வாங்க. இங்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். செவ்வாய் போய், வியாழன் திரும்புவோம். சரியா?

அத்தை: சரி. தங்கச்சி, இங்கிருந்து என்ன வேண்டும்?

கல்லடி சித்தி: லீக்ஸ், கரட், அப்புறம் நல்ல தேயிலைத் தூள். இங்கே கடையில் வாங்குவதில் சாயம்தான் இருக்கிறது, வாசம் இல்லை. ஒரு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியும் வைங்க அண்ணி, திரும்பும்போது ஐஸ் போட்டு மீன் அனுப்புகிறேன்.

அத்தை: தூள் இரண்டு கிலோ எடுத்து வைத்துவிட்டேன்.