மெய்நிகர் வகுப்பறையில் கணித ஆசிரியர் பயிற்சி: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பகிர்வு

வருங்கால ஆசிரியர்களுக்குக் கணிதக் கற்பித்தல் முறைகளைப் பயிற்றுவிக்கிறேன். அமெரிக்காவின் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவான டீச்லைவ் என்ற ஆசிரியர் பயிற்சிக் கருவி போலவே, நாங்கள் பயன்படுத்தும் மெய்நிகர் வகுப்பறையிலும் திரையில் தோன்றும் கணினி உருவப் பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுப்பதால், அடுத்து என்ன பதில் வரும் என்பதைப் பயிற்சி ஆசிரியரால் முன்கூட்டியே ஊகிக்க முடியாது.

அன்று திரையில் இருந்த மாணவி 1/2 + 1/3 = 2/5 என்றாள். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருந்தாள். பயிற்சி ஆசிரியை உடனே பகுதிகளைச் சமமாக்கும் விதியைச் சொல்லி, விடை 5/6 என்று தாமே போட்டும் காட்டினார். மாணவி தலையசைத்தாள்; அடுத்த கணக்கில் 1/4 + 1/4 = 2/8 என்றாள்.

அந்த இடத்தில் காட்சியை நிறுத்தி, அவள் எப்படி எண்ணியிருப்பாள் என்று கலந்து பேசினோம். உண்மையான வகுப்பில் ஒரு குழந்தையைக் காக்க வைத்துவிட்டு இப்படிப் பேசவும் முடியாது, நழுவிப்போன தருணத்துக்குத் திரும்பவும் முடியாது என்பதால்தான் இந்தக் கருவியை நான் பெரிதும் மதிக்கிறேன். முதல் கணக்கிலிருந்து மறுபடி தொடங்கியபோது ஆசிரியை விதியின் பக்கமே போகவில்லை. "1/2 பெரியதா, 2/5 பெரியதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அப்படிப் பேசாமல் இருப்பதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினம்.

"1/2தான் பெரியது. ஆனால் அதோடு இன்னொன்றையும் கூட்டினோமே, டீச்சர்?" என்றாள் மாணவி.

இரண்டாம் பகிர்வு

நான் பயிற்சி பெற்றது வேறு வகையில். 2003இல் வெளிவந்த செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகம் போன்றதொரு உலகில், சக பயிற்சியாளர்களே அவதார்களாக, அதாவது நாங்களே இயக்கும் திரை உருவங்களாக, மாணவர் இடத்தில் அமர்ந்தோம். 0.45 என்பது 0.6ஐ விடப் பெரியது என்று நம்பும் சிறுவனாக நான் பேச வேண்டியிருந்தது. 45 என்பது 6ஐ விடப் பெரியதுதானே என்ற அவனது நியாயத்தை உள்ளிருந்து பார்த்த பிறகு, அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறையும் உண்டு. அந்த உலகில் பின்னத்தை எழுதிக் காட்டுவதே பெரும்பாடு. எழுதி அடித்த வரிகளும் அழித்த தடங்களும் உள்ள நோட்டைப் பார்த்து ஒரு குழந்தையின் சிந்தனையை அறியும் பழக்கம் எனக்கு நேரடி வகுப்பில்தான் வாய்த்தது. ஆகவே மெய்நிகர் பயிற்சியைக் காரணம் காட்டி, நேரடி வகுப்பில் நடக்கும் கற்பித்தல் பயிற்சி நாட்களைக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.