வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புகிறவர்களே, வாசலில் வரி கேட்ட கதை உங்களிடமும் இருக்கிறதா?

ஓலைக்காரி, கைதடி:

பனையோலையில் நகைப்பெட்டி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, சுளகு, இவைதான் எங்கள் வியாபாரம். பின்னுவது அயலில் இருக்கும் பெண்கள். படம் எடுத்து முகநூலில் போடுவதும் பார்சல் கட்டுவதும் என் வேலை. ஓடர் வட்ஸ்அப்பில் வரும், காசு வங்கிக்கு வரும், சாமான் தபாலில் போகும். அண்மையில் இலண்டனில் இருந்து ஒரு அக்கா மகளின் சாமத்திய வீட்டுக்கென்று 48 பவுணுக்கு நகைப்பெட்டிகளும் ஒரு சுளகும் எடுத்தார். பார்சல் அங்கே போனதும் அவர் வீட்டுக்கு ஒரு அட்டை வந்திருக்கிறது. வற் (பெறுமதி சேர் வரி) 20 வீதம், அதற்கு மேல் கையாளுகைக் கட்டணம், இரண்டையும் கட்டினால்தான் சாமான் கைக்கு வரும். “தங்கச்சி, நான் உமக்கு முழுக்காசும் தந்திட்டன் தானே, இது என்ன புதுக்காசு?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கோபத்தில் எடுக்காமலே விட்டுவிட்டார்.

பார்சல் திரும்பி வந்தபோது பெட்டிகள் தப்பியிருந்தன. சுளகு நடுவில் மடிந்து, விளிம்பில் கட்டிய நார் அறுந்து கிடந்தது. போக்குவரத்துக் காசும் போச்சு. வரி கட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யார், எந்த இடத்தில் கட்டுவது என்று தெரிந்தால் விலை சொல்லும்போதே சொல்லிவிடலாம். உங்களுக்கு எப்படி நடந்தது?

கணக்கர், கஸ்தூரியார் வீதி:

பிள்ளை, இந்தக் கேள்வியோடு என்னிடம் கனபேர் வருகிறார்கள். முன்பு இங்கிலாந்துக்குப் போகும் 15 பவுணுக்கு உட்பட்ட சாமானுக்கு வற் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 135 பவுண் வரையான பார்சலுக்கு இப்போது எல்லையில் அல்ல, விற்கும் இடத்திலேயே வற் எடுக்க வேண்டும். ஈபே மாதிரி ஒரு தளத்தில் விற்றால் அந்தத் தளமே எடுத்துக் கட்டிவிடும். நீங்கள் முகநூலில் நேரே விற்றால் நீங்களே அங்கே வற் பதிவு செய்திருக்க வேண்டும். பதியாமல் அனுப்பினால் அந்த அக்காவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இதில் எனக்கு எரிச்சல் வரும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் ஒரு சின்னக் கடைக்காரர் ஆண்டுக்கு 90,000 பவுண் விற்கும்வரை பதியத் தேவையில்லை. நம் நாட்டில் 2024 ஜனவரியில் வற்றை 18 வீதமாக்கி எல்லையைக் குறைத்தபோதுகூட ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா என்றுதான் வைத்தார்கள். ஆனால் கைதடியில் இருந்து இலண்டனுக்கு நேரே விற்கும் ஓலைக்காரிக்கு அப்படி ஒரு எல்லையே இல்லை. முதல் பெட்டிக்கே பதிவு. சந்தையில் கீரை விற்கிற மனுசியிடம் பேரங்காடியின் கணக்குப் புத்தகத்தைக் கேட்கிற மாதிரி.

ஐரோப்பிய ஒன்றியமும் 2021 ஜூலை 1 அன்று 22 யூரோ விலக்கை நிறுத்தியது. 150 யூரோ வரையான பார்சலுக்கு விற்கும்போதே வற் எடுத்துக் கட்ட ஐஓஎஸ்எஸ் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டில் பதிந்தால் 27 நாட்டுக்கும் போதும். கேட்க நல்லதுதான். ஆனால் இலங்கையில் இருந்து பதிவதென்றால் அங்கே ஒரு இடைத்தரகரை வைக்க வேண்டும், அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். சுன்னாகத்தில் மிளகாய்த்தூள் செய்யும் ஒருவருக்காக விலை விசாரித்தேன். அவர் ஐரோப்பாவுக்கு மாதம் விற்பதைவிடத் தரகர் கேட்ட காசு கூட.

தூள்காரன், சுன்னாகம்:

அந்த ஆள் நான்தான் ஐயா. கடைசியில் தளத்துக்குள்ளேயே போய்விட்டேன். ஓடர் வந்ததும் விலை ஒரு நிரையிலும் வாங்குபவரிடம் எடுத்த வரி இன்னொரு நிரையிலும் தெரியும். வரிக்காசு என் கைக்கு வராது, அது தளத்தோடு போய்விடும். நிம்மதி. ஆனால் நிம்மதிக்கும் விலை இருக்கிறது. சில தளங்கள் தங்கள் தரகை வரியும் சேர்ந்த மொத்தத்தின்மேல் கணக்குப் போடுகின்றன. நான் தொடாத காசுக்கும் என்னிடம் தரகு!

ஓலைக்காரி அக்காவுக்கு ஒரு விசயம். இங்கிலாந்தில் பெரும்பாலான சமையல் சாமானுக்கு வற் பூச்சியம். மிளகாய்த்தூள் அதற்குள் வரும், ஓலைப்பெட்டி வராது. ஒருமுறை தூளைப் பனையோலைப் பெட்டியில் வைத்து அழகாகக் கட்டி அனுப்பினேன். படிவத்தில் ‘பெட்டி’ என்று மட்டும் எழுதிவிட்டார்கள், முழுப் பெறுமதிக்கும் 20 வீதம் விழுந்தது. அதற்குப் பிறகு படிவத்தில் தூள் தனி நிரை, பெட்டி தனி நிரை, ஒவ்வொன்றுக்கும் சுங்க இலக்கம். தூளுக்கு 0904, பின்னல் சாமானுக்கு 4602 என்று தொடங்கும். அந்த நாலு இலக்கத்தையும் உங்கள் மேசையில் ஒட்டி வையுங்கள்.

பாரிஸ் மருமகள்:

நான் வாங்குகிற பக்கம். யாழ்ப்பாணத்துப் பொருள் ஒன்றைத் தளத்தில் வாங்கினேன், வரியும் அங்கேயே கட்டிவிட்டேன். தபால்காரர் வாசலில் நின்று திரும்பவும் வரி கேட்டார். விசாரித்துப் பார்த்தால், தளம் கொடுத்த ஐஓஎஸ்எஸ் இலக்கத்தை அனுப்பியவர் பெட்டியில் பேனாவால் எழுதியிருக்கிறார். கணினியில் போகும் சுங்கத் தரவில் அது ஏறவே இல்லை. பெட்டியில் எழுதியதை யார் பார்க்கிறார்கள்? இரண்டாவது தடவை கட்டிய ரசீதையும் ஓடர் விவரத்தையும் தளத்துக்கு அனுப்பி, அவர்கள் எடுத்த வரியைத் திரும்ப வாங்கினேன். கையாளுகைக் கட்டணம் போனது போனதுதான். விற்கிற சகோதரங்களே, அந்த இலக்கம் தரவில் ஏறியதா என்று கவுண்டரில் நின்று கேளுங்கள்.

ஸ்காபரோ மாமி:

இங்கே கதை வேறு. தபாலில் வரும் சாமான் 20 கனடா டொலருக்கு மேலே போனால் வரி. 40 டொலர் பெட்டி என்று வையுங்கோ. ஒன்ராறியோவில் 13 வீதம், அதாவது 5 டொலர் 20 சதம். அதை வசூலித்துத் தருவதற்குத் தபாலின் கையாளுகைக் கட்டணம் 9 டொலர் 95 சதம். சுங்கத் தீர்வை வந்தால் அது வேறு. வரியைவிட வரி வாங்குகிற கூலி கூட. அதனால் நாங்கள் சகோதரிமார் சேர்ந்து ஒரே பார்சலாக எடுப்போம், கூலி ஒரு தடவைதான். இன்னொரு வழியும் சொல்கிறேன், பிள்ளை கோபிக்கக்கூடாது. பேசாமல் ‘அன்பளிப்பு’ என்று எழுதி அனுப்பினால் என்ன? 60 டொலர் வரை விடுவார்கள்.

கணக்கர், கஸ்தூரியார் வீதி:

மாமி, அந்த 60 டொலர் ஒருவர் இன்னொருவருக்குச் சும்மா கொடுக்கும் பொருளுக்கு. இங்கிலாந்தில் 39 பவுண், ஐரோப்பாவில் 45 யூரோ, அவையும் அப்படித்தான். காசு வாங்கிவிட்டு அன்பளிப்பு என்று எழுதினால் அது பொய்ப் பிரகடனம். ஐந்து டொலரை மிச்சம் பிடிக்கப் போய் பார்சலையே பறிகொடுக்கலாம். பெறுமதியைக் குறைத்து எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: பார்சல் தொலைந்தால் நட்டஈடு எழுதிய பெறுமதியைத் தாண்டாது.

ஓலைக்காரி, கைதடி:

பார்சலில் ஒட்டும் சீஎன் 22 சுங்கப் படிவத்தில் அன்பளிப்பு, ஆவணம், மாதிரி, விற்பனைப் பொருள் என்று சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். எனக்கு முன்னால் நின்ற ஒரு அண்ணை அன்பளிப்பில் புள்ளடி போட்டுவிட்டு, விலைச்சிட்டையையும் பெட்டிக்குள் வைத்து ஒட்டினார். உள்ளே இருக்கிற சிட்டையே காட்டிக்கொடுக்காதா?

நல்லூர்ப் பொடியன்:

அமெரிக்காவுக்கு விற்கிறவர்கள் யாரும் இல்லையா? அங்கே வற் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி. 2018 இல் வேஃபெயர் என்ற இணையக் கடையின் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்த மாநிலத்தில் கடையே இல்லாதவரிடமும் வரி கேட்கலாம் என்றாகிவிட்டது. தெற்கு டகோட்டா அப்போது வைத்த எல்லை ஆண்டுக்கு 100,000 டொலர் அல்லது 200 விற்பனை, அந்த 200 ஐ 2023 இல் எடுத்துவிட்டார்கள். நான் விற்கும் பழைய முத்திரைகளுக்கு அது எட்டாத உயரம், தளமும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. என்னை நிறுத்தியது வேறு. 800 டொலர் வரை தீர்வை இல்லாமல் விட்ட சலுகையை 2025 ஓகஸ்ட் 29 அன்று நிறுத்தினார்கள். பல நாட்டுத் தபால் சேவைகள் அந்த நாட்களில் அமெரிக்கப் பார்சலை வாங்குவதையே நிறுத்திவிட்டன. அதோடு நானும் அமெரிக்க ஓடரை மூடிவிட்டேன்.

சூரிச் சித்தப்பா:

சுவிஸில் நல்ல ஒழுங்கு ஒன்று உண்டு. வரித்தொகை 5 பிராங்குக்கு உட்பட்டால் எடுப்பதில்லை. சாதாரண வீதம் 8.1, ஆகவே ஏறக்குறைய 61 பிராங் வரை தப்பலாம். உணவுக்கு 2.6 வீதம்தான், அதனால் தூள், ஒடியல்மா என்றால் 190 பிராங் அளவுக்குப் போகலாம். கவனிக்க வேண்டியது, தபாற்செலவையும் சேர்த்துத்தான் கணக்கு. வசூலிக்கிற செலவுக்குக் கட்டுபடியாகாத வரியை விட்டுவிடுவதுதான் புத்தி. மற்ற நாடுகளும் இதைப் பார்த்தால் என்ன?

ஓலைக்காரி, கைதடி:

இனி விலைப் பட்டியலுக்குக் கீழே நாட்டுவாரியாக எழுதிவிடப் போகிறேன்: இந்த விலையில் உங்கள் நாட்டு வரி இல்லை, வாசலில் இவ்வளவு வரலாம் என்று. பயந்து போகிறவர் இப்போதே போகட்டும், சுளகாவது தப்பும். இலண்டன் ஓடரைத் தளத்துக்கு மாற்றுகிறேன். அந்த அக்கா திரும்பக் கதைத்தார், திருவிழாவுக்கு வருகிற ஆட்கள் கையில் கொடுத்து விடட்டாம்.

கணக்கர், கஸ்தூரியார் வீதி:

அவருடைய சாமானை அவரே வந்து வாங்கிக்கொண்டு போனால் பிரச்சினை இல்லை, 390 பவுண் வரை பயணிக்குச் சலுகை உண்டு. அது சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் மட்டும். வேறு ஆள் மற்றவரின் ஓடரைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு போனால் அந்தச் சலுகை நிற்காது.

சூரிச் சித்தப்பா:

பிள்ளை, நீத்துப்பெட்டி இரண்டு வேணும். தபாற்செலவோடு 61 பிராங்குக்குள் வருமா?

ஓலைக்காரி, கைதடி:

ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கட்டினால் வரும் சித்தப்பா. விலாசத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போடவேண்டாம்.